வின்டர் முழுக்க பேஸ்மென்றுக்குள்ள கிடக்க வேண்டாம் தம்பி

தம்பி, நீர் கேட்டது நாலு விசயம். நவம்பர் கடைசியில கனடாவுக்கு, ரொறன்ரோவின்ர கிழக்குப் பக்கம் ஸ்காபரோவுக்கு வாறன், என்ன ஜக்கெற் வாங்குறது, எந்த போன் பிளான் மலிவு, கிரெடிட் கார்ட் எப்பிடி எடுக்கிறது, கடைசியா "வின்டரில எல்லாரும் வீட்டுக்குள்ளதான் இருப்பினமாம், பொழுது எப்பிடிப் போகும்" எண்டு. போனுக்கும் கார்டுக்கும் நான் பதில் சொல்லப்போறேல்ல, அது மாசத்துக்கு மாசம் மாறுற சங்கதி, நீர் வந்து இறங்கின கிழமையே சொந்தக்காரர் ஆளுக்கொண்டு சொல்லுவினம். நான் அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் வாறன், ஏனெண்டால் அதை இஞ்ச ஒருத்தரும் வடிவாச் சொல்லிக் குடுக்கிறேல்ல.

குளிரைப் பற்றி எல்லாரும் வெருட்டுவினம். இருட்டைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கிறேல்ல. டிசம்பரில பின்னேரம் நாலே முக்காலுக்கு முதலே பொழுது பட்டிடும். விடிய இருட்டோட பஸ் எடுத்துப் போய், ஜன்னலே இல்லாத பக்டரிக்குள்ள எட்டு மணித்தியாலம் நிண்டு, திரும்ப இருட்டோட வந்து வீட்டுக்கு அடியில இருக்கிற பேஸ்மென்றுக்குள்ள இறங்கினால், அங்க இருக்கிற ஒரு சின்ன ஜன்னலையும் ஸ்னோ மூடியிருக்கும். கிழமைக் கணக்கா வெய்யில் முகத்தில படாது. இதுக்குள்ள கடன் கட்டவேணும், ஊருக்கு அனுப்பவேணும் எண்டு ரெண்டாவது வேலையும் எடுப்பீர், எனக்கு விளங்குது, நானும் டபிள் ஷிப்ட் அடிச்சனான். ஆனா மாசிக்கு இடையில என்னோட இருந்த பெடியள் சிலர் ஒருத்தரோட ஒருத்தர் கதைக்கிறதையே விட்டிட்டினம், சோறு கறிக்கெல்லாம் சண்டை, வெள்ளிக்கிழமை எண்டால் போத்தில். அது குளிரால வந்ததில்லை. டொக்டரிட்டப் போனால் விற்றமின் டி அளவைப் பாக்கச் சொல்லிக் கேளும், வெக்கப்பட ஒண்டுமில்லை.

பேஸ்மென்ற் எண்டவுடன இதையும் சொல்லிப்போட்டுப் போறன். ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில வீட்டுக்காரர் முதல் மாச வாடகையும் கடைசி மாச வாடகையும்தான் முற்பணமாக் கேக்கலாம். "டமேஜ் டெப்பாசிட்" எண்டு மேலதிகமாக் கேட்டால் அது சட்டப்படி பிழை. 2018 இலிருந்து எல்லாருக்கும் பொதுவான ஒரு லீஸ் படிவம் இருக்கு, அதில எழுதித் தரச்சொல்லும். ஸ்மோக் அலாமும் கார்பன் மொனொக்சைட் அலாமும் வேலை செய்யுதோ, நெருப்புப் பிடிச்சால் வெளிய வர வழி இருக்கோ எண்டு பாத்திட்டுத்தான் காசைக் குடும். "எங்கட ஆள்தானே, எழுத்து என்னத்துக்கு" எண்டு சொல்லுற ஆளிட்டத்தான் கட்டாயம் எழுத்தில வாங்கோணும். என்னட்ட அந்தக் கதையைச் சொல்லித்தான் புதுசா வந்த காலத்தில ஒருத்தர் ஒரு மாசக் காசை விழுங்கினவர், கோயிலில கண்டால் இண்டைக்கும் சிரிச்சுக்கொண்டு வருவார்.

உடுப்பு சுருக்கமாச் சொல்லுறன். ஊரிலயோ கொழும்பிலயோ ஜக்கெற் வாங்கிக்கொண்டு வரவேண்டாம், அது இஞ்சத்தைக் குளிருக்குக் காணாது. ஆயிரம் டொலர் ஜக்கெற்றும் தேவையில்லை, வல்யூ வில்லேஜ் மாதிரிப் பழைய சாமான் கடையளிலயே நல்லது கிடைக்கும். காசைச் சப்பாத்தில போடும். நனையாத பூட்ஸ், கம்பளி மேசு, பருத்தி மேசு கூடவே கூடாது, வேர்த்து நனைஞ்சால் கால் விறைச்சிடும். விரல் விரலா இருக்கிற கிளவுஸை விட நாலு விரலும் ஒண்டா இருக்கிற மிற்றன்தான் சூடு. காத்தோட சேத்துச் சொல்லுற குளிர், அதுதான் வின்ட் சில், மைனஸ் 28க்குக் கீழ போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிசத்துக்குள்ள விறைச்சுப்போகலாம், அண்டைக்குக் காதை மூடாமல் பஸ்ஸுக்கு நிக்க வேண்டாம். கார் வாங்கினால் வின்டர் ரயர் போடும். ஒன்ராறியோவில கட்டாயமில்லை, கியூபெக்கில கட்டாயம், ஆனா 7 டிகிரிக்குக் கீழ சாதாரண ரயர் இறுகிப்போய் ரோட்டைப் பிடிக்காது. அதுக்குக் காசு மிச்சம் பிடிச்சு ஹைவேயில சுத்தி நிண்ட எங்கட ஆக்கள் கனபேர்.

நான் வந்தது 98 டிசம்பர். அடுத்த மாசமே, 1999 ஜனவரியில, ரொறன்ரோவில ஸ்னோ கொட்டு கொட்டெண்டு கொட்டி ரோட்டு, பஸ் எல்லாம் குழம்பி, மேயர் மெல் லாஸ்ட்மன் ஆமியைக் கூப்பிட்டவர். ஆமி எண்டால் எங்களுக்கு என்னெண்டு உமக்குச் சொல்லத் தேவையில்லை. ரிவியில ஆமி வாகனம் வாறதைக் காட்ட எங்கட பேஸ்மென்றில இருந்த ஒருத்தரும் கதைக்கேல்ல. பேந்து பாத்தால் அவங்கள் சவளோட நிண்டு ஸ்னோ அள்ளுறாங்கள். கொஞ்ச நேரத்தால மேல் வீட்டு இத்தாலிக்கார அம்மா கதவைத் தட்டி, ஒரு சவளைத் தந்து வாசலைக் காட்டினவ. அவவுக்கு இங்கிலிஷ் குறைவு, எனக்கும் குறைவு. நாங்கள் பெடியள் மாறி மாறி அள்ளி, அவவின்ர வாசலோட நிக்காமல் அந்த வரிசை முழுக்க அள்ளிக் குடுத்தனாங்கள், அண்டைக்குத்தான் அந்த ரோட்டில இருந்த சனம் எங்களோட முதன்முதல் கதைச்சது. வேர்த்துப்போய் ஜக்கெற்றைத் திறந்துவிட்டுக்கொண்டு நிண்டனான், வெளியில மைனஸ் பத்துக்கும் கீழ. (அள்ளேக்க சவளைத் தூக்கி எறியாமல் தள்ளும், இடுப்புப் போயிடும். வயசானவை அள்ளப் போனால் மறியும், நெஞ்சுவலி வந்து விழுகிறது இதாலதான்.)

அப்ப உம்மட கேள்விக்குப் பதில், வெளியில போகவேணும். குளிருக்கு வெளியில செய்யிற ஒண்டைப் பிடிச்சுப் பழகவேணும், அதுவும் முதல் வின்டரிலயே. முதல் வருசம் உள்ளுக்க கிடந்து பழகின ஆள் இருவது வருசத்துக்கும் உள்ளுக்கதான்.

எல்லாத்திலயும் மலிவு ஸ்கேற்றிங், அதுதான் ஐஸில சறுக்கிறது. ரொறன்ரோவில சிற்றி நடத்துற வெளி ரிங்க் ஐம்பதுக்குக் கிட்ட இருக்கு, நவம்பர் கடைசியில துறக்கத் தொடங்குவினம், காசில்லை. டவுன்ரவுனில சிற்றி ஹோலுக்கு முன்னால நேதன் பிலிப்ஸ் ஸ்குவயர் எல்லாருக்கும் தெரியும், ஆனா உமக்குக் கிட்ட ஸ்காபரோ சிவிக் சென்டரடியில அல்பேர்ட் கம்பல் ஸ்குவயர் இருக்கு, அங்க போம். நான் முப்பது தாண்டித்தான் பழகினனான், இப்ப என்ர பிள்ளையளுக்கு நான்தான் பழக்கினது. ஹெல்மெற் போடும். ஸ்கேற் சப்பாத்தின்ர கயிறு கட்டுறதிலதான் விசயம் இருக்கு: விரல் பக்கம் கொஞ்சம் இளக்கமா விட்டு, கணுக்காலடிக்கு வரேக்க இறுக்கி இழுத்து, குதி பின்னால ஒட்டி இருக்கோ எண்டு எழும்பி நிண்டு பாக்கோணும். முழங்காலை மடிச்சு முன்னால சாய்ஞ்சு நில்லும், பின்னால சாய்ஞ்சால் பிடரி அடிபடும். பக்கத்தில நாலு வயசுப் பிள்ளை பறந்துகொண்டு போகும், அதைப் பாத்து ஒண்டும் யோசிக்க வேண்டாம்.

எங்கட ஆக்களில எனக்கிருக்கிற கவலையைச் சொல்லத்தான் வேணும். சனி ஞாயிறு எண்டால் ஹோல், ஹோல், ஹோல். சாமத்தியவீடு, பேத்டே, அவன் எத்தினை ரூம் வீடு வாங்கினான், இவன் என்ன கார் எடுத்தான். இந்த நாட்டுக்குக் கலாசாரமே இல்லை எண்டு அங்க மேசையில இருந்து கதைப்பினம். றூஜ் பார்க் ஸ்காபரோவுக்குள்ளயே கிடக்கு, 2015 இலிருந்து அது நாட்டின்ர நேஷனல் அர்பன் பார்க், உள்ள போகக் காசில்லை, இவ்வளவு காலம் இருந்தும் கால் வைக்காத சனம் எத்தினை. செப்டெம்பர், ஒக்ரோபரில ஹைலண்ட் கிறீக்கில பெரிய பெரிய சமன் மீன் ஆத்தை எதிர்த்து ஏறிவரும், பக்கத்து மோலுக்குப் போறவை அதை எட்டிப் பாக்கிறேல்ல. ஹொக்கியும் அப்பிடித்தான். ரொறன்ரோவின்ர ஹொக்கி ரீம் மேப்பிள் லீஃப்ஸ் கடைசியா ஸ்ரான்லி கப் எடுத்தது 1967, அதுக்குப் பிறகும் சனிக்கிழமை இரவு விடாமல் இருந்து பாக்கிற சனம் இது, வேலையிடத்தில ஆரோடயாவது கதைக்கத் தொடங்கோணும் எண்டால் நேற்றையான் கேமைக் கேளும், அரைமணித்தியாலம் கதைப்பினம்.

எனக்குப் பிடிச்சது ரொறன்ரோவுக்கு வடக்க இருக்கிற லேக் சிம்கோ ஏரியில ஐஸில மீன் பிடிக்கிறது. நான் பருத்தித்துறைப் பக்கம், மீன் எனக்குப் புதுசில்லை, ஆனா தண்ணிக்கு மேல நடந்து போய்த் துளை போட்டுத் தூண்டில் விடுறதைக் கண்டதில்லை. என்னோட வேலை செய்த நியூஃபவுண்ட்லாந்துக்காரர் ஒருத்தர்தான் கூட்டிக்கொண்டு போனவர், அவரும் கடல்கரை ஆள், அவற்ற ஊரில மீன்பிடி படுத்து வேலை தேடி ரொறன்ரோ வந்தவர். அதாலயோ என்னவோ ரெண்டு பேருக்கும் ஒத்துப்போச்சு. பெரிய துரப்பணத்தால துளைச்சு, மிதக்கிற ஐஸ் துண்டுகளை ஓட்டைக் கரண்டியால அள்ளி எறிஞ்சிட்டு, முழத்தளவு தூண்டில்தடியைப் பிடிச்சுக்கொண்டு இருப்பம். பேர்ச் எண்டு சின்ன மீன், உப்பும் மிளகாய்த்தூளும் மஞ்சளும் பிரட்டிப் பொரிச்சு நான் கொண்டுபோய்க் குடுக்க, மனுசன் அதுக்குப் பிறகு வேற மாதிரிப் பொரிச்சுச் சாப்பிட்டதே இல்லை. அவர் இப்ப ரிட்டயர் பண்ணி ஊருக்குப் போட்டார், வருசம் ஒருக்கா போன் எடுத்து இந்த வருசம் ஐஸ் எப்பிடி எண்டு கேப்பார். நீர் போறதெண்டால் தனியப் போகவேண்டாம், நடக்கவே 15 சென்ரிமீற்றர் ஐஸ் இருக்கோணும் எண்டதுதான் என்ர கணக்கு, அங்க குடில் வாடகைக்கு விடுறவையைக் கேட்டிட்டு இறங்கும். 18 இலிருந்து 64 வயசு வரைக்கும் லைசென்ஸ் வேணும், பெப்ரவரி ஃபமிலி டே வீக்கென்டில லைசென்ஸ் இல்லாமல் விடுவினம், முதல்தரம் அதில போய்ப் பாரும்.

மார்ச்சில மேப்பிள் மரத்தில சாறு எடுத்துக் காய்ச்சுவினம், 40 லீற்றர் காய்ச்சினால்தான் ஒரு லீற்றர் சிரப், எங்கட பனங்கட்டி காய்ச்சுற மணம் வரும். தோட்டம் செய்ய விருப்பமெண்டால் மே மாசத்தில வாற விக்ரோரியா டே போகமுதல் மிளகாய்க்கண்டு, கத்தரிக்கண்டு ஒண்டையும் வெளியில நட வேண்டாம், ஒரு இரவு உறைபனியில கருகிப்போகும். கறிவேப்பிலையைச் சாடியிலதான் வைக்கோணும், செப்டெம்பரில இரவு 10 டிகிரிக்கு இறங்க முதல் உள்ளுக்கு எடும். இதைப் பற்றிப் பிறகு வேணுமெண்டால் கேளும், எழுத நிறைய இருக்கு.

வந்த முதல் சனிக்கிழமை வீட்டு விலாசம் உள்ள ஒரு கடுதாசியைக் கொண்டு லைப்ரரிக்குப் போய்க் கார்ட் எடும், அதுக்கும் காசில்லை, தமிழ்ப் புத்தகமும் இருக்கு. திரும்பி வரேக்க பழைய சாமான் கடையில ஸ்கேற் பாரும். ஹொக்கி ஸ்கேற் சப்பாத்து சைசை விட ஒண்டு, ஒண்டரை குறைச்சுத்தான் வரும், சப்பாத்து 9 எண்டால் 8இல இருந்து போட்டுப் பாரும், அலகு மழுங்கியிருந்தால் தீட்டிக் குடுக்கிற கடையள் இருக்கு.