வைமேக்ஸ் ஏன் எல்டிஇ-யிடம் தோற்றது? அது உதவாத தொழில்நுட்பமா?

உதவாத தொழில்நுட்பம் இல்லை. நீங்கள் கம்பஸில் படிக்கிறவர் என்று நினைக்கிறேன். டவரிலிருந்து கம்பி இல்லாமல் வீட்டுக்கு இணையம் கொடுத்த வைமேக்ஸும், போனில் 4ஜி என்று வருகிற எல்டிஇ-யும் போட்டியிட்ட கதை இது. பாடத்தில் வைமேக்ஸ் இரண்டு வரியில் முடிந்திருக்கும். எனக்கு அது சோறு போட்ட தொழில்.

சண்டை முடிந்து, தெற்கிலிருந்து வரும் ஏ9 பாதை திறந்த பிறகு, யாழ்ப்பாணத்தில் வீடு வீடாக வைமேக்ஸ் பூட்டிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அப்போது பல ஊர்களில் கம்பி டெலிபோனே இல்லை, கம்பியில்லா சிடிஎம்ஏ போன்தான். கூரைக்கு மேலே ஜீஐ பைப்பில் அன்ரனாவைக் கட்டுவோம். கீழே ஒருவர் லப்டொப்பைப் பார்த்து சிக்னல் அளவைக் கத்திச் சொல்ல, மேலே நிற்கிறவர் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார். எதிரே பனங்கூடல் நின்றால் பைப்பை இன்னும் உயர்த்த வேண்டும். கோண்டாவிலில் ஒரு வீட்டில், பூட்டி முடித்த கையோடு அந்த வீட்டு அம்மம்மா கனடாவில் பிறந்த பேத்தியை முதல்தரமாக ஸ்கைப்பில் பார்த்தார். "சாப்பிடாமல் போகக்கூடாது தம்பி" என்று எங்களை இருத்திவிட்டார். அதை உதவாத சாமான் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, கேள்விக்கு வருகிறேன். டவரிலிருந்து தரவை அனுப்ப இரண்டுமே, அலைவரிசையைச் சிறு துண்டுகளாக்கிப் பலருக்குப் பங்கிடும் ஓஎஃப்டிஎம்ஏ முறையைத்தான் பயன்படுத்தின. திருப்பி அனுப்பும்போது எல்டிஇ வேறு முறையைக் கையாண்டு போனின் பற்றரியை மிச்சப்படுத்தியது உண்மை. கரண்டில் ஓடுகிற வீட்டுப் பெட்டிக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. அடி விழுந்தது வேறு இடத்தில். வைமேக்ஸின் இரண்டு தரங்களான, 2004இல் வந்த 802.16டி-யும் 2005இன் 802.16இ-யும் ஒன்றோடொன்று பொருந்தாதவை. முதலில் வாங்கிய சாமான் அடுத்ததில் வேலை செய்யாது. எல்டிஇ பிந்தித்தான் வந்தது. 2009 டிசம்பரில்தான் ஸ்ரொக்ஹோமிலும் ஒஸ்லோவிலும் முதல் சேவை. ஆனால் அது ஜிஎஸ்எம், 3ஜி நடத்திய கொம்பனிகளின் சொந்தத் தொடர்ச்சி. டவர், சிம், வாடிக்கையாளர் எல்லாம் ஏற்கெனவே அவர்களிடம் இருந்தன. 4ஜி எட்டாத இடத்தில் போன் 3ஜிக்கு இறங்கிக்கொள்ளும் ஏற்பாடும் அதற்குள்ளேயே இருந்தது. அப்புறம், அனுப்பவும் வாங்கவும் ஒரே அலைவரிசையை மாறி மாறிப் பயன்படுத்தும் டிடி-எல்டிஇ வந்ததும், வைமேக்ஸுக்கு வாங்கிய அலைவரிசையிலேயே எல்டிஇ நடத்தலாம் என்றாகிவிட்டது. அமெரிக்காவில் வைமேக்ஸை நம்பி இறங்கிய ஸ்பிரின்ட் கொம்பனியே எல்டிஇ-க்கு மாறி, 2016இல் வைமேக்ஸ் சேவையை மூடியது. சிப் செய்கிற இன்டெல் கொடுத்த ஆதரவும் காப்பாற்றவில்லை.

பொறியியலாளர்கள் யாராவது கணக்கோடு வந்து மறுக்கக்கூடும். ஓடித்திரிகிற போனுக்கு எல்டிஇ மேல் என்பதை நானும் ஏற்கிறேன். நான் சொல்வது வீட்டில் நிலையாக இருக்கிற இணைப்பைப் பற்றி.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. கூரையில் ஏறிய எங்களுக்குக் காப்புறுதி இருக்கவில்லை, ஆனால் ஓடு உடைந்தால் சம்பளத்தில் வெட்டினார்கள். கேட்டால், நாங்கள் உப ஒப்பந்தக்காரரின் ஆட்களாம், கொம்பனிக்குப் பொறுப்பில்லையாம். இப்போது ஃபைபர் இழுக்க வருகிற பெடியளிலும் சிலர் இடுப்புப் பட்டி இல்லாமல் கம்பத்தில் ஏறுவதைப் பார்க்கிறேன். வயிறு எரிகிறது. உங்கள் வீட்டுக்கு வந்தால் ஏணியையாவது பிடித்துக்கொள்ளுங்கள்.