வீட்டில் ஒருவரும் வாசிப்பதில்லை. பிள்ளைகளுக்கு வாசிப்பில் ஆசை வர என்ன செய்யலாம்?

கேட்டவர் திருகோணமலையில் இருக்கிறார். மகளுக்கு எட்டு வயது, மகனுக்குப் பதின்மூன்று. புத்தகம் வாங்கிக் கொடுத்தால் இரண்டு பக்கத்தோடு மூடிவிடுகிறார்களாம். போன்தான் காரணம் என்று எழுதப் பலர் வருவார்கள். போனைக் குறைப்பது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் போனைப் பிடுங்கி வைத்த வீட்டிலும் பிள்ளை புத்தகத்தைத் தொடுவதில்லையே!

முதலில் மகள். அந்த வயதில் எழுத்துத் தெரியும், வேகம் இருக்காது. ‘ஓடிக்கொண்டிருந்தார்கள்’ என்பதை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் வசனம் எப்படித் தொடங்கியது என்பது மறந்துபோகும். பிறகு கதை எங்கே விளங்கும்? அதனால் நீங்கள்தான் வாசித்துக் காட்டவேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 10 நிமிடம், கூடினால் 15. பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டு வாசியுங்கள். நீண்ட சொற்களைப் பென்சிலால் மெல்லக் கோடிட்டுப் பிரித்து வைக்கலாம்: ஓடிக்/கொண்டி/ருந்தார்கள். வேகம் வந்ததும் அழித்துவிடுங்கள். இந்தியப் புத்தகங்களில் உரையாடல் சென்னைப் பேச்சில் வந்தால் நம் வீட்டுப் பேச்சில் சொல்லுங்கள், ஒரு குற்றமும் இல்லை. ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலிக்காமல் வாசியுங்கள்; மனப்பாடமான கதையைத்தான் பிள்ளை முதலில் தானாக வாசிக்கும்.

தானாக வாசிக்கப் புத்தகம் தெரிவு செய்யும்போது நடுப்பக்கம் ஒன்றை வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்து சொல்லுக்கு மேல் தடுக்கினால் அது நீங்கள் வாசித்துக் காட்டவேண்டிய புத்தகம். வாசித்து முடிந்ததும் ‘என்ன விளங்கினது, சொல்லு பாப்பம்’ என்று கேட்டுவிடாதீர்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்காகக் கேள்விகளுக்கு விடை சொல்லியே களைத்த பிள்ளைகள் இவர்கள். கதைப் புத்தகமும் வினாத்தாள் ஆனால் எப்படித் தொடுவார்கள்?

‘இவர் இரவில் கடலுக்குப் போகிறவர், எனக்குச் சமையல், நேரம் எங்கே?’ என்று கேட்பீர்கள். நியாயம். தாய் தகப்பன்தான் செய்யவேண்டும் என்றில்லை. அம்மம்மாவுக்கு வாசிக்கக் கண் தெரியாவிட்டாலும் கதை தெரியும். கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறும் எப்படி வந்தது, கோணேசர் கோயில் பக்கத்து இராவணன் வெட்டு எப்படி உண்டானது என்று அவர் சொல்லட்டும். மகள் ஒரு கொப்பியில் எட்டுப் பத்து வரியில் எழுதி, அடுத்த நாள் அவருக்கே வாசித்துக் காட்டட்டும். எழுத்துப்பிழையைச் சிவப்புப் பேனையால் திருத்தவேண்டாம்.

மகனுக்கு இது எதுவும் சரிவராது. சத்தமாக வாசிக்கச் சொன்னால் எழும்பிப் போய்விடுவான். முதல் நாள் பார்த்த கிரிக்கெட் ஆட்டத்தின் செய்தி பேப்பரில் வரும். அந்தப் பக்கத்தை மேசையில் விரித்து வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருங்கள். ஆட்டம் தெரிந்ததால் சொல் தெரியாவிட்டாலும் பொருள் பிடிபடும். புத்தகம் பிடிக்காவிட்டால் பாதியில் விட உரிமை கொடுங்கள். தங்கச்சிக்கு வாசித்துக் காட்டும் வேலையையும் இடையிடையே கொடுக்கலாம். சின்னப் பிள்ளைப் புத்தகத்தை வெட்கமில்லாமல் வாசிக்க அவனுக்கும் ஒரு சாட்டுக் கிடைக்கும்.

இதையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்கிறவர்கள் கோபிக்கட்டும். ஒக்டோபர் வாசிப்பு மாதம். அப்போது பிள்ளைகளுக்குக் கிடைப்பது பேச்சுப் போட்டியும் கட்டுரைப் போட்டியும்தான். ‘வாசிப்பு மனிதனைப் பூரணமாக்கும்’ என்று வேறு யாரோ எழுதிக் கொடுத்ததைப் பாடமாக்கி ஒப்புவிக்கிற பிள்ளை அந்த மாதம் ஒரு புத்தகம்கூட வாசித்திராது. 1895இல் வந்த ‘மோகனாங்கி’ நாவலின் ஆசிரியர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை எங்கள் ஊர்க்காரர் என்று மேடையில் பெருமையும் பேசுவோம். அந்த நாவலைக் கையால் தொட்டவர் சபையில் எத்தனை பேர்? போட்டி நடக்கிற இரண்டு மணித்தியாலமும் பிள்ளைகளைப் புத்தகத்தோடு சும்மா இருக்க விட்டாலே போதும்.

புத்தகத்துக்குக் காசு கொட்டவேண்டியதில்லை. பொது நூலகத்தில் பிள்ளையின் பெயரிலேயே அங்கத்துவம் எடுங்கள். தன் அட்டையில் தானே எடுத்த புத்தகத்துக்குத் தனி மதிப்பு. ஸ்டோரிவீவர் (StoryWeaver) என்ற இணையத்தளத்தில் தமிழ்ச் சிறுவர் கதைகள் நான்கு நிலைகளாகப் பிரித்து இலவசமாக இருக்கின்றன. மகளுக்கு நிலை 1, 2 போதும். மொழிபெயர்ப்புச் சில கரடுமுரடு, நீங்கள் வாசித்துப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். போனில் காட்டாமல் அச்செடுத்துக் கொடுங்கள். ஈழத்துப் பழைய சஞ்சிகைகளுக்கு ‘நூலகம்’ (noolaham.org) என்ற இணையத்தளம் உண்டு.

கடற்கரை ஊரில் இன்னொரு தொல்லை: மெல்லிய புத்தகங்களின் ஸ்டேப்ளர் கம்பி உப்புக்காற்றில் துருப்பிடித்து நடுத்தாள் கழன்றுவிடும். கம்பியைக் கழற்றிவிட்டு நூலால் தையுங்கள். மடிப்பில் நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஒவ்வொன்று என மூன்று துளை. தடித்த பருத்தி நூல், புத்தக உயரத்தைப் போல மூன்று மடங்கு நீளம். உள்ளிருந்து நடுத்துளையால் வெளியே, மேல்துளையால் உள்ளே, கீழ்த்துளையால் வெளியே, மறுபடி நடுத்துளையால் உள்ளே. இரண்டு நுனியும் உள்ளே ஓடும் நீள நூலின் இரு பக்கமும் வரவேண்டும். அதற்கு மேலாக முடிச்சுப் போடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் தளரும். மகளே தைக்கலாம், ஊசியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாரியில் வெளிச்சுவரோடு ஒட்டி அலுமாரி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு அங்குலம் விலக்கி வையுங்கள். பிடித்துவிட்டால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், பரவும். காற்றில் விரித்துக் காயவைத்து, வாசலுக்கு வெளியே உலர்ந்த துணியால் தட்டுங்கள். பூச்சிக்குக் காய்ந்த வேப்பிலை போதும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பூச்சி உருண்டை வேண்டாம்.