உப்பை யார் கணக்கில் எழுதுவது?

அன்புள்ள ஐயா,

வேலூரில் ஒரு கல்லூரியில் பி.காம். இறுதியாண்டு படிக்கிறேன். சொந்த ஊர் பேரணாம்பட்டுப் பக்கம். எல்லாத் துறைக்கும் கட்டாயம் என்பதால் எங்களுக்கும் ஈ.வி.எஸ். (சுற்றுச்சூழல் கல்வி) தாள் இருந்தது. ஓசோன் படலம், உணவுச் சங்கிலி என்று மனப்பாடம் செய்து எழுதினோம். எங்கள் ஊர்க் கிணறு பற்றி அதில் ஒரு வரி இல்லை. மேற்கொண்டு சுற்றுச்சூழல் படிக்க ஆசை. 'அதெல்லாம் சயின்ஸ் குரூப் பசங்க படிக்கிறது' என்கிறார் அண்ணன். காமர்ஸ் படித்தவனுக்கு அதில் இடம் உண்டா?

ரா.

அன்புள்ள ரா.,

அந்தத் தாள் உங்களிடம் வந்து சேர்ந்ததே நீதிமன்றத்தின் தயவில்தான். வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் வந்தது அது. நாடு முழுக்கப் பொதுவான பாடத்திட்டத்தில் பேரணாம்பட்டுக் கிணறு எப்படி வரும்? பாடம் எடுக்கிறவர்தான் கொண்டுவர வேண்டும். பல கல்லூரிகளில் அந்த வகுப்பு, யாருக்கு நேரம் ஒழிகிறதோ அவர் தலையில் கட்டப்படுகிறது. சரி, அதை விடுங்கள்.

உங்கள் ஊர்க் கிணற்றுக்கு வருவோம். உங்கள் பக்கத்தில் தண்ணீர் பற்றிப் பேசினால் தோல் பதனிடும் தொழிலில்தான் வந்து நிற்கும். தோல் தொழில் என்றாலே படித்தவர்கள், பதனிடச் சேர்க்கும் குரோமியம் என்ற உலோகத்தைச் சொல்வார்கள். பாலாற்றங்கரை விவசாயியைக் கேட்டால் 'தண்ணி உப்பு கரிக்குது' என்பார். அவர் பேச்சைத்தான் முதலில் கேட்க வேண்டும். பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புத் தடவி அனுப்புகிறார்கள். தொழிற்சாலையில் முதல் வேலை அதை ஊறவைப்பது. அந்தத் தண்ணீரிலேயே உப்பின் பெரும்பகுதி இறங்கிவிடும். குரோமியத்தைக் காரம் சேர்த்துப் படியவைத்துப் பிரித்துவிடலாம். உப்பு அப்படிப் படியாது. கழிவுநீரைச் சுண்டக் காய்ச்சினால் தண்ணீர் திரும்பக் கிடைக்கும், உப்பு குவியும். அதை எங்கே கொட்டுவது?

இதுவரை வேதியியல். ஆவாரம்பட்டையில் பதனிட்டுக்கொண்டிருந்த ஊர்கள் குரோமுக்கு மாறியதில், பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு 1970களில் அரசு வைத்த கட்டுப்பாட்டுக்கும் பங்குண்டு. அதற்கு நீங்கள் பொருளாதார வரலாறு படிக்க வேண்டும். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்பவர் யார், எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பது சமூகவியல்.

உங்கள் பாடத்துக்கு வருகிறேன். மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதிதான் என்று உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொன்னது தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் பற்றிய நம் வேலூர் வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ கெட்டதாக மனுவில் சொல்லப்பட்டிருந்தது. ஈடுகட்ட வேண்டும் என்பது சரி, எவ்வளவு? நெல் விளைந்த ஓர் ஏக்கர் உப்பேறித் தென்னைக்கு மாறினால் நட்டம் எத்தனை, எத்தனை வருடத்துக்கு? பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் செலவைத் தொழிற்சாலைகள் எதை வைத்துப் பிரித்துக்கொள்வது? வருகிற கழிவுநீரின் அளவை மட்டும் வைத்துப் பிரித்தால், தோலை உதறி உப்பைத் தட்டியெடுத்துவிட்டு ஊறவைக்கிற முதலாளிக்கு ஒரு பைசா மிச்சமில்லை. அவர் ஏன் மெனக்கெட வேண்டும்? உங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தில் இருக்கிற கேள்விதானே இது! 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதே விவகாரத்தில் மறுபடி தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. கணக்கு இன்னும் முடியவில்லை.

ஆனால் பல துறை என்ற பெயரில் நுனிப்புல் மேய்வதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. 1973-74இல் பி.எச்.ஃபார்மர் என்ற புவியியலாளர் தலைமையில் கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு குழு, பசுமைப் புரட்சி என்ன செய்தது என்று பார்க்க நம் வடஆற்காட்டுக் கிராமங்களுக்கு வந்தது. பொருளாதாரம், மானுடவியல், வேளாண்மை என்று ஆளுக்கொரு துறையில் ஊன்றியவர்கள். ஒரே ஊரை ஒவ்வொருவரும் அவரவர் கண்ணால் பார்த்ததில்தான் அந்த ஆய்வுக்கு மதிப்பு. எல்லோரும் எல்லாம் கொஞ்சம் தெரிந்தவர்களாக வந்திருந்தால் டீ குடித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

அதனால் காமர்ஸை மறைக்காதீர்கள். எம்.எஸ்ஸி. சுற்றுச்சூழல் அறிவியலுக்குப் பெரும்பாலும் அறிவியல் பட்டம் கேட்பார்கள், உங்கள் அண்ணன் சொல்வது அந்த மட்டில் சரி. மேம்பாட்டியல், பொதுக் கொள்கை முதுகலைகள் பலவற்றுக்கு எந்தப் பட்டமும் போதும். நுழைவுத் தேர்வு இருக்கும். இந்த விடுமுறையில் புள்ளியியலைத் தூசி தட்டுங்கள். அப்புறம் 1996 தீர்ப்பைப் படியுங்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆங்கிலம் கொஞ்சம் கரடுமுரடு. புரியாத பத்திகளைக் குறித்து அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.