ஏரியில் குளித்த பின் மகளுக்கு அரிப்பு

ஏரியில் குளித்த அன்றிரவே உங்கள் மகளின் கால்களில் சிவப்புத் தடிப்பு வந்தது, நீச்சலுடை மூடிய இடத்தில் தடிப்பு இல்லை என்கிறீர்கள். பெரும்பாலும் இது நீச்சல் அரிப்புதான். நீர்ப்பறவைகளிலும் நத்தைகளிலும் வாழும் ஒட்டுண்ணியின் இளம்புழுக்கள் தோலுக்குள் நுழைந்து அங்கேயே செத்துவிடும். அதற்கு உடம்பு காட்டும் ஒவ்வாமைதான் தடிப்பு. மற்றவருக்குத் தொற்றாது, பள்ளிக்கு அனுப்பலாம். பொதுவாக ஒரு வாரத்தில் அடங்கிவிடும்.

ஈரத்துணி ஒற்றடம், காலமைன் லோஷன் போதும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். சொறிந்து சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போங்கள். ஏரியில் குளித்ததையும் மறக்காமல் சொல்லுங்கள்.

இனி கரையோர ஆழமற்ற நீரில் நெடுநேரம் விளையாட விடாதீர்கள், புழுக்கள் அதிகம் சேர்வது அங்கேதான். கரையேறியதும் துண்டால் அழுத்தித் துடையுங்கள். குளிக்கும் துறையில் வாத்துக்குத் தீனி போடுபவர்களிடம் பேசிப் பாருங்கள், பறவை கூடினால் புழுவும் கூடும். சுகாதாரத் துறைக்கும் தெரிவித்துவிடுங்கள்.