டல்லாஸும் வெண்மணியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தில்லையாடி வள்ளியம்மை பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். தென்னாப்பிரிக்காவில் நம்மவர்கள் மேல் போட்ட மூன்று பவுன் வரி, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணம் செல்லாது என்ற தீர்ப்பு, சிறையில் கண்ட காய்ச்சலில் அந்தப் பெண் 16 வயதில் இறந்தது எல்லாம் மனதைத் தொட்டன. ஆனால் கடைசியில் அமெரிக்கக் கறுப்பர்களையும் கீழ்வெண்மணியையும் ஏன் இழுத்தீர்கள்? சாதி வேறு, நிறவெறி வேறு. அங்கே இன பேதம் கூடாது என்று 1964லேயே சட்டம் வந்துவிட்டது. ஒபாமா ஜனாதிபதியாகவும் இருந்துவிட்டார். இன்னும் என்ன போராட்டம்? என் மகன் டல்லாஸில் இருக்கிறான். ‘அதுலல்லாம் நாம தலையிடக் கூடாதுப்பா’ என்கிறான். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
மன்னார்குடி

அன்புள்ள ஐயா,

சாதி வேறு, நிறம் வேறு என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. திருவாரூர் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்களின் தோலைப் பார்த்து யார் எந்தத் தெரு என்று சொல்லிவிட முடியாது. அதனால்தானே ‘ஊருல எந்தப் பக்கம்?’ என்று சுற்றி வளைத்துக் கேட்கிறோம்.

ஆனால் இரண்டையும் அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலேயே கொண்டுபோய்க் கலந்த வழக்கு ஒன்று உண்டு. பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபி, முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர். அப்போது குடியேறி வந்தவர்களில் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும்தான் அங்கே குடியுரிமை. திந்த் தரப்பு என்ன வாதாடியது தெரியுமா? அவர் உயர்சாதி, ஆரியர், ஆகவே வெள்ளையர். அதோடு விடவில்லை. கல்யாண விஷயத்தில் அமெரிக்கர் நீக்ரோவை எப்படிப் பார்க்கிறாரோ அப்படித்தான் உயர்சாதி இந்து இந்தியப் பூர்வகுடியைப் பார்க்கிறார் என்றும் எழுதிக் கொடுத்தார்கள். 1923இல் தீர்ப்பு வந்தது. சாதாரண அமெரிக்கன் இவரை வெள்ளையர் என்று நினைக்க மாட்டான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அதைத் திரும்பப் பறித்தார்கள்.

1946க்குப் பிறகு வருஷத்துக்கு நூறு இந்தியர்கள் அங்கே குடியேறலாம் என்று அனுமதித்தார்கள். வெறும் நூறு! நாடு பார்த்து ஒதுக்கும் அந்தக் கோட்டாவை எடுத்த சட்டம் 1965 அக்டோபரில் வந்தது. அதே வருஷம் மார்ச்சில் அலபாமாவின் செல்மா பாலத்தில் ஓட்டுரிமை கேட்டு நடந்தவர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியிருந்தது. ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. உள்ளூரில் இன பேதம் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டு, வாசலில் மட்டும் இனம் பார்ப்பதை அதன் பிறகு யாரும் நியாயப்படுத்த முடியவில்லை. ஒரு நாட்டுக்கு நூறு என்றிருந்த வரம்பு இருபதாயிரம் ஆனது. தலையிடக் கூடாது என்கிற உங்கள் மகன், அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறார். உயர்சாதி என்று சொல்லிக் கேட்டது கிடைக்கவில்லை. எல்லாருக்கும் கேட்டவர்களால் நமக்கும் கிடைத்தது.

சரி, சட்டம்தான் வந்துவிட்டதே என்கிறீர்கள். நீங்கள் சொல்லும் 1964 சட்டம் வந்து மூன்றரை வருஷம் கழித்து, 1968 பிப்ரவரியில், மெம்ஃபிஸ் நகரத்துக் குப்பை லாரி ஒன்றில் மழைக்கு ஒதுங்கி நின்ற எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு கறுப்பினத் தொழிலாளிகளை, குப்பையை அமுக்கும் இயந்திரம் நசுக்கிக் கொன்றது. 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கேட்டது கூலி உயர்வும் சங்கத்துக்கு அங்கீகாரமும். ‘நானும் மனுஷன்’ என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தார்கள். அவர்களுக்குத் துணையாகப் போன இடத்தில்தான் மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று சுடப்பட்டார்.

அதே வருஷம் டிசம்பர் 25, கீழ்வெண்மணி. அங்கேயும் கூலி, அங்கேயும் சங்கம். தலித் விவசாயக் கூலிகள் அறுப்புக் கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டார்கள். செங்கொடியை இறக்க மாட்டோம் என்றார்கள். ஒரே குடிசைக்குள் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் எரிந்தார்கள். இத்தனைக்கும், பண்ணையாளைச் சாட்டையால் அடிக்கக் கூடாது, சாணிப்பால் புகட்டக் கூடாது என்று உங்கள் மன்னார்குடியிலேயே 1944இல் ஒப்பந்தம் ஆகியிருந்தது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. மிராசுதார்கள் என்ன செய்தார்கள்? பண்ணையாள் என்று பேர் இருந்தால்தானே சட்டம் பாயும் என்று பலரையும் வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லிவிட்டுத் தினக்கூலிக்கு ஆள் வைத்தார்கள். சட்டத்தை இப்படி ஓரமாக ஒதுக்கி வைக்கிற சாமர்த்தியம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. வெண்மணி வழக்கு உயர் நீதிமன்றம் போனபோது, நிலமும் காரும் வைத்திருக்கிற பணக்காரர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்கிற ரீதியில் சொல்லி, தண்டிக்கப்பட்டவர்களை விடுவித்தார்கள். செத்தவர்கள் பக்கம் யாரிடமும் கார் இல்லை.

வந்த சட்டமும் வந்தபடியே இருப்பதில்லை. 1965 வாக்குரிமைச் சட்டப்படி, பேதம் காட்டிய வரலாறுள்ள மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்ற வேண்டுமானால் முதலில் மத்திய அரசின் ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. உங்கள் மகன் இருக்கும் டல்லாஸ் உள்ள டெக்சாஸ் மாநிலமும் அந்தப் பட்டியலில் இருந்தது. 2013 ஜூன் 25 அன்று, பட்டியல் பழசாகிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டைச் செயலிழக்க வைத்தது. ஒபாமா ஜனாதிபதியாக இருந்தபோதுதான் இது நடந்தது என்பதையும் கவனியுங்கள். அன்றைக்கே டெக்சாஸ் தன் வாக்காளர் அடையாள அட்டைச் சட்டத்தை அமல்படுத்தப் போவதாக அறிவித்தது. கைத்துப்பாக்கி லைசென்ஸ் காட்டி ஓட்டுப் போடலாம். கல்லூரி மாணவரின் அடையாள அட்டை செல்லாது. கறுப்பினத்தவரையும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரையும் அது கூடுதலாகப் பாதிக்கிறது என்று வழக்கு நடந்து, பிறகு அந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டிவந்தது. உங்கள் மகன் அங்கே குடியுரிமை வாங்கி ஓட்டும் போடுகிறவராக இருந்தால், வாக்குச்சாவடியில் எந்த அட்டையைக் காட்டுகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.