கால்பந்துகளுக்குப் பெட்டி, நோட்டுகளுக்குப் பணம்

வெளிநாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க 20 கால்பந்து, 100 நோட்டுப் புத்தகம் கொண்டுபோக வேண்டும், விமானத்தில் 23 கிலோ பெட்டி ஒன்றுதான் என்கிறீர்கள். நோட்டுகளை விட்டுவிடுங்கள். ஒன்று கால் கிலோ என்றாலே 25 கிலோ ஆகிவிடும். அந்தப் பணத்தில் போகிற ஊரிலேயே வாங்குங்கள். அங்குள்ள பள்ளி கேட்கும் கோடும் அளவும் கிடைக்கும்.

பெட்டி பந்துக்குத்தான். 5-ஆம் எண் பந்து 410 முதல் 450 கிராம். இருபதும் சேர்ந்து 9 கிலோவைத் தாண்டாது. பிள்ளைகள் 8 முதல் 12 வயது என்றால் அதைவிட ஓர் அளவு சிறிய 4-ஆம் எண்ணே சரி. காற்றை இறக்கும்போது பம்பு ஊசியில் ஒரு சொட்டு கிளிசரின் தடவி நேராகச் செருகுங்கள். உலர்ந்த ஊசியைச் சாய்த்துக் குத்தினால் வால்வு ரப்பர் கிழியும், அப்புறம் காற்று நிற்கவே நிற்காது. தட்டையாக நசுக்க வேண்டாம், மடிப்பில் தையல் விட்டுப்போகும். ஒரு பக்கத்தை உள்ளே அமுக்கிக் கிண்ணம் போலாக்கி, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குங்கள்.

கைப்பம்பு இரண்டு, பத்து ஊசியாவது கட்டாயம் வையுங்கள். ஊசி வளையும், தொலையும்; அது இல்லாவிட்டால் நல்ல பந்தும் மூலையில்தான் கிடக்கும். கத்தரிக்கோல், காம்பஸ் எல்லாம் கைப்பையில் வேண்டாம்.

ஒரே மாதிரி இருபது புதுப் பந்துகளை விலைச்சீட்டோடு பார்த்தால் சுங்கத்தில் விற்பனைச் சரக்கு என்றுதான் நினைப்பார்கள். சீட்டைக் கிழித்துவிட்டு, பொருள், எண்ணிக்கை, மதிப்பு எழுதிய பட்டியலையும் பள்ளி தந்த கடிதத்தையும் கையில் வைத்திருங்கள். வரி விலக்கு உண்டா என்று அந்த நாட்டுத் தூதரகத்தில் இப்போதே கேளுங்கள்.

தெருவில் பிள்ளைகளிடம் நேரடியாகக் கொடுக்காதீர்கள், தள்ளுமுள்ளாகிவிடும், சின்னவர்களுக்கு எதுவும் மிஞ்சாது. தலைமையாசிரியரிடம் ஒப்படையுங்கள்.