இன்ஸ்ப்ருக் வரும் தங்கைக்கு: பனிச்சறுக்குப் பருவத்தை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

அன்புள்ள தங்கைக்கு,

சத்துவாச்சாரியிலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். நவம்பரில் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக்கில் செவிலியர் பணியில் சேரப் போவதாகவும், இணையவழி அறிமுகக் கூட்டத்தில் வார்டுக்காரர்கள் பாதி நேரம் பெண்கள் பனிச்சறுக்குப் பந்தயத்தைப் பற்றியே பேசியது ஒன்றும் விளங்கவில்லை என்றும் சொல்லியிருந்தீர்கள். பனியையே பார்த்திராத நீங்கள் இதைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். நான் குடியாத்தத்துக்காரி, இந்த நாட்டில் வேரூன்றிவிட்டவள். தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். இன்ஸ்ப்ருக் இருக்கும் தீரோல் மாநிலத்தில் குளிர்காலப் பேச்சின் பெரும்பகுதி இதுதான் என்பது ஒரு காரணம். இது உண்மையிலேயே பார்க்கத் தகுந்த விளையாட்டு என்பது அதைவிடப் பெரிய காரணம்.

அணைக்கட்டு, குடியாத்தம் பக்கத்து மாடு விடும் விழாவைப் பார்த்தவருக்கு இதன் அடிப்படையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே காளைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டு, குறித்த தூரத்தை எத்தனை நொடியில் கடந்தது என்று பார்த்துத்தான் பரிசு கொடுப்பார்கள். இங்கும் வீராங்கனைகள் ஒருவர் பின் ஒருவராகத் தனியாகவே இறங்குகிறார்கள். எதிரி கடிகாரம் மட்டுமே. நொடியை நூறாகப் பகுத்துக் கணக்கிடுகிறார்கள். தொலைக்காட்சியில் நேரம் பச்சை நிறத்தில் தெரிந்தால் அவர் முதலிடத்தில் இருப்பவரை முந்திக்கொண்டிருக்கிறார், சிவப்பானால் பின்தங்கிவிட்டார். இவ்வளவு தெரிந்தாலே முதல் நாள் பார்க்கலாம்.

பந்தய வகைகள் நான்கு. டவுன்ஹில், சூப்பர் ஜி இரண்டும் வேகத்துக்கானவை. டவுன்ஹில்லில் மணிக்கு 100 கிலோமீட்டரை எளிதாகத் தாண்டுவார்கள். ஜயன்ட் ஸ்லாலோம், ஸ்லாலோம் இரண்டும் கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து இறங்குபவை, இரண்டு சுற்றுகளாக நடப்பவை. புதிதாகப் பார்ப்பவர்கள் வேகத்தில் மயங்கி டவுன்ஹில்லில் தொடங்குவார்கள். நீங்கள் ஸ்லாலோமில் தொடங்குங்கள். முதல் சுற்றில் முதல் 30 இடங்களுக்குள் வந்தவர்கள்தான் இரண்டாம் சுற்றுக்குப் போவார்கள், அதுவும் தலைகீழ் வரிசையில்: முப்பதாவதாக வந்தவர் முதலில் இறங்குவார், முதலிடம் பிடித்தவர் கடைசியில் இறங்குவார். ஆகவே மேலே நிற்பவரின் மனநெருக்கடி ஒவ்வொருவர் இறங்கும்போதும் கூடிக்கொண்டே போகும். பந்தயத்துக்கு முன் தடத்தைப் பார்வையிட அனுமதிப்பார்கள். அப்போது ஒருவர் கண்களை மூடி, உள்ளங்கையை இடமும் வலமுமாகத் திருப்பித் திருப்பி, அத்தனை வளைவுகளையும் மனத்துக்குள் இறங்கிப் பார்ப்பதைக் கேமரா நெருங்கிக் காட்டும். எனக்குப் பந்தயத்தைவிட அந்தச் சில விநாடிகள் பிடிக்கும். தடமும் நாம் நினைக்கும் பஞ்சுப் பனி அல்ல. தண்ணீரைச் செலுத்தி உறையவைத்த பனிக்கட்டி அது. பலகையின் விளிம்பு அதில் பிடிக்கவில்லையென்றால் அவ்வளவுதான்.

உலகக் கோப்பை எனப்படும் இந்தப் பந்தயத் தொடரின் பருவம் அக்டோபர் இறுதியில் இதே தீரோலில், சோல்டன் பனிப்பாறையில் தொடங்குகிறது. நீங்கள் வந்து சேர்வதற்குள் அது முடிந்திருக்கும். நவம்பரில் பின்லாந்தின் லேவியில் ஸ்லாலோம். அங்கே வெல்பவருக்கு ஒரு கலைமானைப் பரிசளித்து, அதற்குப் பெயர் வைக்கச் சொல்வது வழக்கம். பிறகு அமெரிக்கா, சுவிட்சர்லாந்து, இத்தாலி என்று மார்ச் வரை வாரந்தோறும் ஊர் மாறும். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஆஸ்திரியாவில் லீன்ஸ் அல்லது செம்மரிங்கில் நடக்கும்.

வெற்றிக்கு 100 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 80, மூன்றாம் இடத்துக்கு 60 என்று குறைந்து, முப்பதாம் இடத்துக்கு 1 புள்ளி. பருவ முடிவில் கூட்டுத்தொகை அதிகமுள்ளவருக்குப் பெரிய கிரிஸ்டல் கோப்பை. இந்தக் கூட்டல் எத்தனை நுட்பமானது என்பதற்கு 2011ஆம் ஆண்டே சான்று. அப்போது ஜெர்மனியின் மரியா ரீஷ் 1728 புள்ளிகளும் அமெரிக்காவின் லிண்ட்சி வான் 1725 புள்ளிகளும் வைத்திருக்க, கடைசிப் பந்தயம் வானிலையால் கைவிடப்பட்டுக் கோப்பை ரீஷுக்குப் போயிற்று. ஒரு குளிர்காலம் முழுவதும் உழைத்ததன் வித்தியாசம் 3 புள்ளிகள்; எங்கோ ஒரு பந்தயத்தில் 28ஆம் இடம் பிடித்தால் கிடைப்பது அவ்வளவுதான். அதனால்தான் இங்குள்ளவர்கள் வெற்றிகளை மட்டும் எண்ணுவதில்லை. தவறு செய்த நாளிலும் எழுந்து இறங்கி முடித்தவரை மதிக்கிறார்கள். 2012-13 பருவத்தில் ஸ்லோவேனியாவின் டீனா மாஸே 2414 புள்ளிகள் சேர்த்ததை இன்றும் வியந்து பேசுவார்கள்.

செவிலியரான உங்களை இந்த விளையாட்டின் இன்னொரு பக்கம் நிச்சயம் தொடும். முழங்கால் சவ்வு கிழிவது இங்கே ஏறக்குறைய எல்லோருடைய வரலாற்றிலும் உண்டு. ஆஸ்திரியாவின் ஆன்னா ஃபெனிங்கர் 2014, 2015 இரண்டு ஆண்டுகளும் பெரிய கோப்பையை வென்றவர். அடுத்த பருவம் தொடங்கும் முன்பே பயிற்சியில் விழுந்து முழங்கால் சிதைந்து, அந்தக் குளிர்காலத்தையே இழந்தார். திருமணத்துக்குப் பின் ஆன்னா ஃபைட் என்ற பெயரில் 2018 பியோங்சாங் ஒலிம்பிக் சூப்பர் ஜியில் முதலிடத்தில் நின்றபோது, தங்கம் அவருக்கே என்று நாடே கொண்டாடத் தொடங்கிவிட்டது. பின்னால் 26ஆம் எண்ணில் இறங்கிய செக் நாட்டு எஸ்டர் லெடெட்ஸ்கா 0.01 நொடி முந்திவிட்டார். உங்கள் வார்டில் அந்த நாளை மறந்தவர் இருக்க மாட்டார்கள். அமெரிக்காவின் மிக்கேலா ஷிஃப்ரின் 2024 நவம்பர் இறுதியில் தன் நாட்டின் கில்லிங்டனில் நூறாவது உலகக் கோப்பை வெற்றியை நெருங்கும்போது விழுந்து, வயிற்றில் குத்துக்காயத்துடன் வெளியேறினார்; 2025 பிப்ரவரி 23 அன்று இத்தாலியின் செஸ்ட்ரியெரேயில் அந்த நூறாவது வெற்றியைப் பெற்றார். அந்தக் காயத்துக்குப் பின் மீண்டும் கம்பங்களுக்கு நடுவே இறங்க எத்தனை துணிவு வேண்டும் என்பது, அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களை நடக்கவைத்துப் பழகிய உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இந்தியாவில் யாராவது உண்டா என்று கட்டாயம் கேட்பார்கள். 1988 கல்காரி ஒலிம்பிக்கில் ஷைலஜா குமார் பெண்கள் ஸ்லாலோமில் 28ஆம் இடம் பெற்றார் என்று சொல்லுங்கள். மணாலியின் ஆஞ்சல் தாகூர் 2018இல் துருக்கியில் வெண்கலம் பெற்றதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு வீராங்கனையைத் தேர்ந்தெடுத்து மார்ச் வரை அவரைப் பின்தொடருங்கள். முடிந்தால் 40, 50 என்ற எண்களில் இறங்குபவரைப் பாருங்கள். அதற்குள் தடம் குழிகுழியாகியிருக்கும். அதிலிருந்து முதல் 30க்குள் ஒருவர் நுழைந்தால் கீழே நிற்கும் கூட்டம் எழுப்பும் சத்தம் வெற்றியாளருக்குக் கிடைப்பதற்குக் குறைந்ததல்ல. ஜனவரியில் சால்ஸ்பர்க் பக்கம் ஃப்ளாஹாவில் விளக்கொளியில் நடக்கும் இரவு ஸ்லாலோமுக்கு வார்டிலிருந்து யாராவது வண்டி எடுத்தால் தயங்காமல் உடன் போங்கள்; அன்று இரவுப் பணி விழாதபடி முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆம்பூரில் வாங்கும் தோல் காலணி வேலைக்கு அருமையானது, ஆனால் பனியில் மணிக்கணக்கில் நிற்க உதவாது. தடித்த அடிப்பாகமுள்ள பனிக்காலணியை இங்கே வந்து வாங்குங்கள். கம்பளிக் காலுறை மட்டும் இரண்டு ஜோடி போட்டுக்கொள்ளுங்கள்.